கூரைக் கூடாரமா, தரைக் கூடாரமா, டிரெய்லரா? ஐந்து பேர் குடும்பத்துக்கு எது ஒத்துவரும்?

நெடுவழி

வணக்கம். வண்டியில் குடும்பத்தோடு கிளம்பி, காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ இரவு தங்கி வருவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன். சில பயணங்களில் என் அம்மாவும் வருவார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இதுவரை தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிய கூடாரங்களிலேயே தங்கினோம். இனிச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூரைக் கூடாரத்தில் ஒருமுறை படுத்தவர் மறுபடி தரையில் படுக்க மாட்டார் என்கிறார் ஒருவர். சின்னக் குழந்தைகள் இருந்தால், வண்டிக்குப் பின்னால் படுக்கையோடு இழுத்துப்போகும் டிரெய்லர்தான் என்கிறார் இன்னொருவர்.

எங்களுடையது நடுத்தர அளவுள்ள எஸ்யூவி. கையேட்டில் இருக்கும் எண்கள்: ஓடும்போது கூரையில் ஏற்றக்கூடிய சுமை 75 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து வண்டி தாங்கும் மொத்தச் சுமை 450 கிலோ. பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் 1,500 கிலோ வரை இழுக்கலாம். இழுவைக் கொக்கியின் மேல் அழுத்தும் எடை 80 கிலோவைத் தாண்டக் கூடாது.

மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேட்டுப்பாதை

நான் கூரைக் கூடாரக்காரன். அதன் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். கல்லும் முள்ளும் வேரும் ஈரமும் நிறைந்த தரையாக இருந்தாலும், வண்டி நிற்க இடம் கிடைத்தால் போதும், படுக்க இடம் கிடைத்தாகிவிட்டது. மெத்தை எப்போதும் உள்ளேயே விரித்தபடி இருக்கும். கடினமான ஓடு கொண்ட வகை என்றால் கொக்கிகளை விடுவித்துத் தள்ளினால் தானே எழும்பிவிடும். இருட்டில், மழையில், பசியோடு வந்து சேரும் நாளில் அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது.

துணியால் மூடி மடிக்கும் வகை விரிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். ஆனால் மடிப்பு விரிந்து வண்டிக்கு வெளியே நீள்வதால், மடித்திருக்கும் அளவைப்போல் இரு மடங்கு இடம் கிடைக்கும். நீண்டு நிற்கும் பகுதிக்குக் கீழே துணித் தடுப்பு கட்டினால் இன்னொரு அறையே உருவாகிவிடும். உங்கள் அம்மாவுக்கு மடக்குக் கட்டில் போட அது தோதாக இருக்கும்.

சின்ன வண்டிக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்ற குட்டிக் காரின் கூரையில் ஏற்றுவதற்கென்றே 1970-களின் பிற்பகுதியில் கூடாரம் செய்தார்கள். குடும்பங்கள் அதில் படுத்துத்தான் விடுமுறையைக் கழித்தன.

எடைக்கல்

மேட்டுப்பாதை சொன்ன சுகங்கள் எல்லாம் உண்மை. ஆனால் நெடுவழி தந்த எண்களை வைத்துக் கணக்குப் போடாமல் சுகத்தைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

75 கிலோ என்பது கூடாரத்துக்கு மட்டுமான எடை இல்லை. கூரையில் பொருத்தும் குறுக்குக் கம்பிகள், கூடாரம், உள்ளே விட்டுவைத்த மெத்தை, தலையணை, பக்கவாட்டில் மாட்டிய பந்தல் என எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கம்பிகள் 6 கிலோ என்று கொள்ளுங்கள். மிச்சம் 69. இருவர் படுக்கும் கூரைக் கூடாரங்கள் பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல்தான். பெரியவர் இருவரும் குழந்தைகள் இருவரும் படுக்க வேண்டுமானால் 180 செ.மீ. அகலமாவது தேவை, அந்த அளவில் எடை எளிதாக 70-ஐத் தாண்டிவிடும். ஆக, உங்கள் வண்டியில் நால்வர் கூரைக் கூடாரம் முதல் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. குறுக்குக் கம்பிகளுக்கும் தனியே ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். வண்டியின் வரம்பு, கம்பியின் வரம்பு, இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. கரடுமுரடான பாதைக்குக் கம்பி தயாரிப்பாளர்களில் பலர் அதையும் குறைக்கச் சொல்கிறார்கள், வரம்பை 1.5-ஆல் வகுக்கச் சொல்வது வழக்கம். அப்படி வகுத்தால் 75 என்பது 50 ஆகிவிடும். அதில் கம்பி போக 44. மண் பாதையில் போகிறவராக இருந்தால் இருவர் கூடாரமே இழுபறிதான்.

ஈர்ப்பு மையத்தையும் பாருங்கள். 1,800 கிலோ வண்டி, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1.9 மீட்டர் உயரத்தில் 68 கிலோவை ஏற்றினால் மையம் ஏறக்குறைய 4.5 செ.மீ. மேலே போகிறது. நேரான நெடுஞ்சாலையில் இது உறைக்காது. மலைப்பாதை வளைவில் வண்டி சாய்வதிலும், பாலத்தின் மேல் பக்கக்காற்று அடிக்கும்போதும், பக்கவாட்டுச் சரிவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் நன்றாகவே உறைக்கும். எரிபொருளும் கூடுதலாகப் போகும். அடித்தள வாகன நிறுத்தங்களின் உயர வரம்பு தனிக் கதை.

மேட்டுப்பாதை

> இருவர் கூடாரமே இழுபறிதான்

நால்வர் கூடாரம் இந்த வண்டிக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பக்கம் வந்து படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதால் ஒரு விளக்கம். 75 கிலோ என்றதும், 'கூடாரமே 60 கிலோ, அதில் இரண்டு பேர் ஏறினால் கூரை நொறுங்காதா?' என்று பலர் கேட்கிறார்கள். நொறுங்காது. அந்த வரம்பு ஓடும் வண்டிக்கானது. பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் குழியில் விழுந்து எழும்போதும் கூரையும் கம்பியும் வாங்கும் அதிர்ச்சியைக் கணக்கில் கொண்டு அதை வைத்திருக்கிறார்கள். வண்டி அசையாமல் நிற்கும்போது கூரை அதைப்போல் பல மடங்கு தாங்கும். சில தயாரிப்பாளர்கள் நிற்கும் நிலைக்கான எண்ணையும் தனியே தருகிறார்கள். உங்கள் கையேட்டில் அது இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஊகத்தில் விட வேண்டாம்.

தார்ப்பாய்

எல்லோரும் எடையைப் பேசுகிறீர்கள். நான் நெடுவழியிடம் வேறொன்று கேட்கிறேன். நீங்கள் தினமும் இடம் மாறுகிறவரா, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு தங்குகிறவரா? தங்குகிற நாட்களில் பகலில் வண்டியை எடுப்பீர்களா? என்னைக் கேட்டால் முடிவில் பாதி இந்தப் பதிலிலேயே இருக்கிறது.

வண்டியின் மேல் கூடாரம் இருந்தால், வண்டியை எடுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் கூடாரத்தை மடிக்க வேண்டும். காலையில் அருவிக்குப் போக மடிப்பு, திரும்பி வந்து விரிப்பு, தண்ணீர் பிடிக்கப் போக மறுபடி மடிப்பு. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் இருட்டில் ஏணியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். தரைக் கூடாரம் என்றால் ஜிப்பை மூடிவிட்டுச் சாவியைத் திருகுவதுதான் வேலை. நிறுத்திய இடமும் உங்களுக்காகப் பிடித்துவைத்தபடி இருக்கும்.

தரையில் படுத்தால் குளிரும், முதுகு வலிக்கும் என்பவர்கள் பெரும்பாலும் மலிவான காற்று மெத்தையில் படுத்தவர்கள். உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால் அது இரவு முழுவதும் சுழன்று உடம்பின் சூட்டைத் தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். மெத்தையின் ஆர்-மதிப்பைப் பார்த்து வாங்குங்கள். குளிரைத் தடுக்கும் திறனுக்கான அளவு அது. முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு முறையில் அளந்து போட்டார்கள். 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரமுறை வந்த பிறகு, அதன்படி அளந்த மெத்தைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. ஒன்றின்மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் கூடும். 2 மதிப்புள்ள நுரைப்பாயின்மேல் 3 மதிப்புள்ள மெத்தையைப் போட்டால் 5. உறைபனிக்கு அருகில் போகும் இரவுக்கும் அது போதும்.

அடிவிரிப்பு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கூடாரத்தின் தரைப்பகுதியைவிட அது ஓர் அங்குலமாவது சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரையிலிருந்து வழியும் மழையை அதுவே ஏந்திப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். 'நல்ல கூடாரம் என்று வாங்கினோம், ஒழுகுகிறது' என்று வருகிற புகார்களில் பல இதனால் வருபவை. சற்று மேடான இடம் பாருங்கள். சுற்றி வாய்க்கால் வெட்டுகிற பழக்கம் வேண்டாம். அந்த மண் அரித்துப்போய்விடும், அடுத்து வருபவருக்கு இடம் பாழாகும். தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு முளை அடியுங்கள்.

காற்றுக்கு முளையின் தலை கூடாரத்தை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பிடுங்கிப் பார்த்தாலும் வராது.

நெடுவழி

தார்ப்பாய் அவர்களே, இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு தங்குகிறோம். பகலில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவோம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நீண்ட பயணம் போவோம். அதில் தினம் ஓர் இடம்.

அப்படியானால் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் அல்லவா? அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

அச்சாணி

போகலாம். டிரெய்லரின் பெரிய வசதியே அதுதான். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று வீடே ஓரிடத்தில் நிற்கும். வண்டி கைவீசிப் போகும். கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்கள் 1930-களிலிருந்து இருப்பவை; உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. இருவருக்கு அது பிரமாதம். ஐந்து பேருக்கு, விரித்தால் கூடாரமாகும் டிரெய்லர்தான் சரி. படுக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும், தரைப்பகுதியில் நின்று நடமாடலாம். அம்மாவுக்கு ஏணி தேவையில்லை, இரண்டு படிகள் போதும்.

ஆனால் உங்களுக்கு இடையூறு செய்யப்போகும் எண் 1,500 இல்லை, 80. கொக்கியின் மேல் அழுத்தும் எடையைத்தான் சொல்கிறேன். டிரெய்லரின் மொத்த எடையில் 10 சதவீதமாவது கொக்கியில் விழ வேண்டும் என்பது பரவலான விதி; ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாக வைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுகிறார்கள். நான் 10-ஐக் கடைப்பிடிப்பவன். அதன்படி உங்கள் 80 கிலோவுக்கு 800 கிலோ டிரெய்லர்தான் உச்சம், அதுவும் சாமான் ஏற்றிய பிறகு. விற்பவர் சொல்லும் வெற்று எடையில் தண்ணீர், எரிவாயு உருளை, பேட்டரி, பாத்திரம் எதுவும் சேராது. 50 லிட்டர் தண்ணீரே 50 கிலோ.

அந்த 80 கிலோவும் வண்டியின் 450-இலிருந்துதான் கழியும். ஐந்து பேரையும் கூட்டினால் 240 கிலோ என்று வையுங்கள். கொக்கிச் சட்டம் 25, கொக்கியில் விழும் எடை 80. மிச்சம் 105. கூரையில் எதுவும் ஏற்றாமலே இவ்வளவுதான்.

எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். கொக்கி பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.7 மீட்டர் என்றால், கொக்கியில் 80 கிலோ விழும்போது பின் அச்சில் 113 கிலோ ஏறும், முன் அச்சில் 33 கிலோ குறையும். ஏற்றப்பலகையில் ஒரு முனை இறங்கினால் மறுமுனை எழுவது போலத்தான். முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். பின் டயர்களின் காற்றழுத்தத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கூட்டியே ஆக வேண்டும்.

கொக்கி எடையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. சாமானெல்லாம் ஏற்றிய பிறகு, டிரெய்லரைச் சமதரையில் கழற்றி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். ஆள் எடை பார்க்கும் சாதாரணத் தராசை, டிரெய்லரில் கொக்கியோடு மாட்டும் முனைக்கு நேர் கீழே வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். தராசும் கட்டையும் சேர்ந்த உயரம், மாட்டியிருக்கும்போது கொக்கி இருக்கும் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். டிரெய்லரின் முனையைத் தாங்கும் சின்ன முன்சக்கரத்தை மெல்ல உயர்த்தி எடை முழுவதையும் கட்டைமேல் இறக்குங்கள். முள் காட்டுவதுதான் கணக்கு. குறைவாக இருந்தால் தண்ணீர்க் குடங்களை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள், அதிகமாக இருந்தால் கொஞ்சம் பின்னால். கைநீளம் நகர்த்தினாலே முள் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

எடைக்கல்

அச்சாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொக்கியில் எடை குறைவது வெறும் விதிமீறல் விவகாரம் இல்லை. பின்பாரம் அதிகமான டிரெய்லர் ஒரு வேகத்துக்கு மேல் வாலாட்டத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். அப்போது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். வண்டியின் பிரேக்கை மட்டும் அழுத்தி மிதித்தால் நிலைமை மோசமாகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் குறைய விட வேண்டும். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக் இருந்து, அதைக் கையால் இயக்கும் வசதியும் இருந்தால் அதை மட்டும் இழுங்கள்; பின்னாலிருந்து பிடித்து நேராக்கிவிடும்.

மேட்டுப்பாதை

ஒரு கேள்வி, அச்சாணி. 800 கிலோவுக்குப் பிரேக் கட்டாயமா?

அச்சாணி

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ வரைதான் பிரேக் இல்லாத டிரெய்லரை அனுமதிக்கிறார்கள். வண்டியின் சொந்த வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் செல்லும். சட்டம் என்னவானாலும் மலை இறங்குகிறவர்கள் பிரேக் இல்லாததை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சாரல்

நெடுவழி அண்ணா, நான் இரண்டு குழந்தைகளின் அம்மா என்ற முறையில் எழுதுகிறேன். கணக்குகளை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரவு இரண்டு மணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

4 வயதுப் பையன் இரவில் ஒருமுறையாவது சிறுநீர் கழிக்க எழுந்திருப்பான். கூரைக் கூடாரத்தில் அது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையை, பனியில் நனைந்து வழுக்கும் ஏணிப்படியில், ஒரு கையில் டார்ச்சோடு இறக்க வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கு கட்டாயம். ஒருவர் முதலில் இறங்கிக் கீழே நின்ற பிறகுதான் குழந்தையை இறக்க வேண்டும். இதை ஒவ்வொரு இரவும் செய்ய முடியுமா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர் சொல்வதுதான் பதில். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏணி என்பது பேச்சுக்கே இடமில்லாதது. கீழே தனியறையில் கட்டில் போடலாம் என்றார் மேட்டுப்பாதை. வயதானவர் கீழே தனியாக, மற்றவர்கள் எல்லோரும் மேலே என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தரைக் கூடாரம் வாங்குவதானால் நடுவில் நின்று உடை மாற்றும் உயரமும், உள்ளே ஒரு தடுப்பும் இருக்கட்டும். 'ஐந்து பேருக்கு' என்று போட்டிருந்தால் ஐந்து பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்றுதான் பொருள். பைகளுக்கு இடம் இருக்காது. இரண்டு எண் கூட்டி வாங்குங்கள். பாட்டிக்குக் கட்டில் உயரமாக இருந்தால் எழுந்திருப்பது சுலபம். கட்டிலுக்கு அடியில் குளிர்காற்று ஓடும், அதனால் கட்டிலின் மேலும் மெத்தை வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கூடாரமானாலும் உள்ளே அடுப்போ கரிச்சட்டியோ எரிவாயுக் கணப்போ வைக்காதீர்கள், அணைந்துவிட்டதுபோல் தோன்றும் கரியைக்கூட. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே கணப்பு மூட்டுவது உயிரோடு விளையாடுவது.

மேட்டுப்பாதை

சாரல் சொன்ன ஏணி விஷயத்துக்கு மறுப்பு இல்லை. குழந்தைகள் வளர்ந்த பிறகு, அல்லது இருவர் மட்டும் போகும்போது, கூரைக் கூடாரத்தை மறுபடி யோசியுங்கள் என்று மட்டும் சொல்வேன். தினம் இடம் மாறும் நீண்ட பயணத்தில் அதைவிட எளிதானது எனக்குத் தெரியவில்லை. வாங்கும் நாள் வரும்போது இரண்டைக் கவனியுங்கள். பொருத்திய போல்ட்டுகளை முதல் பயணத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும், அதிர்வில் தளரும். மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலைப்பாய் போட வேண்டும். நம் மூச்சின் ஈரம் மெத்தையின் அடியில் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. வலைப்பாய் இல்லாவிட்டால் பூஞ்சணம் நிச்சயம்.

நெடுவழி

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கேன்வாஸ் நல்லதா, பாலியெஸ்டர் நல்லதா? மழையில் மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டி வந்தால் என்ன செய்வது?

தார்ப்பாய்

ஓரிடத்தில் தங்குகிறவருக்குக் கேன்வாஸ். அதாவது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்தது. காற்றை விடும், உள்ளே வேர்க்காது, வெயிலில் பாலியெஸ்டர் போல் பொரியாது, காற்றடித்தால் படபடக்காது. எடையும் விலையும் கூடுதல், காயவும் நேரமெடுக்கும். புதிதாக வாங்கியதும் பயணத்துக்கு முன் விரித்து, தண்ணீர் விட்டு நன்றாக நனைத்து, முழுவதும் காயவிடுங்கள், மறுபடியும் ஒருமுறை. பருத்தி இழை நனைந்தால் உப்பும். தையல் ஓட்டைகள் அதனால் அடைபடும். இதைச் செய்யாமல் நேரே மழைக்குள் கொண்டுபோனால் தையல் வழியே சொட்டத்தான் செய்யும்.

ஈரமாக மடித்தால் வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ விரித்துக் காயப்போட்டே ஆக வேண்டும். பூஞ்சணம் ஏறிவிட்டால் கறை போகாது, நீர்காப்புப் பூச்சும் கெடும். இது மூன்றுக்கும் பொது. இதில் தரைக் கூடாரம்தான் எளிது, ஏனென்றால் கொடியில் போடலாம், மாடிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். கூரைக் கூடாரத்தையும் டிரெய்லரையும் விரிக்க வண்டி நிற்குமளவு திறந்த இடம் வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. டிரெய்லரை வருடம் முழுவதும் நிறுத்தி வைக்கும் இடத்தையும் சேர்த்துத்தான்.

நெடுவழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழையை மனைவியோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தோம். சாரல் கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். 'ஏணி வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்கள் முடிவு இது. நின்று நடமாடும் உயரமும் நடுத்தடுப்பும் உள்ள கேன்வாஸ் தரைக் கூடாரம் ஒன்று, அம்மாவுக்கு உயரமான கட்டில், எல்லோருக்கும் ஆர்-மதிப்பு பார்த்து மெத்தை. எங்கள் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். கூரையில் எதையும் ஏற்றப்போவதில்லை. 450 கிலோவில் மிச்சமாகும் இடத்தைத் தண்ணீருக்கும் குளிர்பெட்டிக்கும் வைத்துக்கொள்கிறோம். வருடாந்தர நீண்ட பயணத்துக்கு மட்டும் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். நிறுத்த இடமில்லாததால் சொந்தமாக வாங்குவது இப்போதைக்கு இல்லை.

அச்சாணி அவர்களே, வாடகைக்கு எடுக்கும்போது அந்த இடத்திலேயே எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்?

அச்சாணி

நல்ல முடிவு. முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் வெடிப்பதே அதிகம். பள்ளங்கள் புதிதுபோல் இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டியிருந்தால் வேறு டிரெய்லர் கேளுங்கள். உதிரிச் சக்கரம் இருக்கிறதா, உங்கள் வண்டியின் ஸ்பேனர் அதன் நட்டுக்குச் சேருகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

அடுத்து விளக்குகள். பிரேக், இண்டிகேட்டர், பின்விளக்கு மூன்றையும் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். பிளக்கின் ஊசி எண்ணிக்கை வண்டியோடு பொருந்த வேண்டும். காப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி விட்டாலும் முனை தரையில் குத்தாமல் தாங்கும். நான்கு மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும்தான். அவற்றைத் திருகி டிரெய்லரைத் தூக்கப் பார்த்தால் வளைந்துவிடும், அதற்கும் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள்.

ஆளில்லாத மைதானம் ஒன்றில் பின்னோக்கி ஓட்டிப் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் திசையில் டிரெய்லரின் பின்பக்கம் போகும். குட்டையான டிரெய்லர் சட்டென்று மடங்கும் என்பதால் மிக மெதுவாக.

கிளம்பி 50 கி.மீ. ஓடியதும் ஓரங்கட்டுங்கள். சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்துக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் தொடர்ந்து போகலாம். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. அங்கேயே நின்று வாடகைக்காரரைக் கூப்பிடுங்கள்.